பினாங்கில் காது கொடுத்துக் கேட்டபோது

பினாங்குக்குக் கிளம்புமுன் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லி அனுப்பினார்கள். "அந்தத் தீவில் தமிழனும் மலாய்க்காரனும்கூட ஹொக்கியன் பேசுவான்" என்றார் ஒருவர். "ஹொக்கியன் எல்லாம் போச்சு, இப்போ மாண்டரின்தான்" என்றார் மற்றவர். இருவரும் இதைச் சொன்னது கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு. அங்கே சீனர்களின் தெருமொழி கன்டனீஸ். தீவுக்கே போய் நின்று கேட்டுவிடலாம் என்று ரயிலேறினேன்.

எனக்குச் சீன மொழிகளில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஹொக்கியன், மாண்டரின், கன்டனீஸ், ஹக்கா எல்லாம் காதளவில் ஒன்றுக்கொன்று விலகியவை. ஒன்று தெரிந்தவனுக்கு மற்றது தானாகப் புரியாது. கிளைமொழி என்று சொன்னாலும் நமக்குத் தமிழும் கன்னடமும் போன்ற தூரம். அதனால் நண்பர் ஒருவர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார்: கடையில் விலையைக் கவனி. ஐந்து ரிங்கிட், அதாவது மலேசியத் தமிழர் சொல்லும் ஐந்து வெள்ளி, ஹொக்கியனில் 'கோ-கோ', மாண்டரினில் 'ஊ-குவாய்', கன்டனீஸில் 'ங்-மன்'. இந்த மூன்றையும் ரயிலில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போய்விடலாம். கட்டணம் 2 வெள்ளி. அக்கரை சுமார் மூன்று கிலோமீட்டர், கால் மணி நேரம். ஒலிபெருக்கி முதலில் மலாயிலும் அடுத்து ஆங்கிலத்திலும் பேசியது. எதிர்ப் பெஞ்சில் கல்லூரி வயதுப் பிள்ளைகள் நான்கு பேர். ஷகரமும் நுனிநாக்கும் நிறைந்த பேச்சு, மாண்டரின். அவர்களில் ஒரு பெண்ணுக்குப் போன் வந்தது. எடுத்ததுமே அவள் குரல் வேறானது. சொற்களின் முடிவில் க், ப், த் என்று அடைத்து நிறுத்துகிறாள், உயிரொலிகள் மூக்கில் ஏறுகின்றன. ஹொக்கியனின் அடையாளம் அது. போனை வைத்ததும் தோழிகளிடம் மறுபடி மாண்டரின். சொல்லி அனுப்பிய இருவரும் ஒரே பெண்ணைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்களோ என்று தோன்றியது. ஆனால் ஒரு போன் பேச்சை வைத்து முடிவுக்கு வர மனம் வரவில்லை.

படகுத்துறையிலிருந்து கடலோரமாக இடப்பக்கம் சிறிது தூரம் நடந்தால் குலத்துறைகள். கடலுக்குள் மரக்கால் நட்டு, பலகை பரப்பி, இரு பக்கமும் வீடு கட்டியிருக்கிறார்கள். லிம் துறை, தான் துறை, லீ துறை, யோ துறை என்று ஒவ்வொன்றும் ஒரு குலப்பெயருக்கு உரியது. பெரியது சியூ துறை. காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. பலகை இடுக்கில் கீழே பச்சைச் சேறும் தண்ணீரும் தெரிகின்றன. உலர்ந்த இறால், ஊதுபத்தி, டீசல், மூன்றும் கலந்த வாசம். முன்வரிசை வீடுகளெல்லாம் சுற்றுலாக் கடைகளாகிவிட்டன. உள்ளே போகப் போகத்தான் துணி காய்கிற, ஆட்கள் குடியிருக்கிற வீடுகள் வருகின்றன.

ஒரு பாட்டியிடம் இறால் பொட்டலத்தைக் காட்டி விலை கேட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் 'லீமா ரிங்கிட்' என்று மலாயில் சொல்லிவிட்டார். அடுத்த கடையிலும் மலாய், அதற்கடுத்ததில் ஆங்கிலம். இந்தத் தீவில் முகத்தைப் பார்த்துத்தான் மொழியைத் தேர்கிறார்கள். ஆகவே நானே கேட்பதில் பயனில்லை. பின்னால் நின்று, அடுத்தவருக்குச் சொல்லும் விலையைத்தான் கேட்க வேண்டும். கொஞ்சம் அநாகரிகம்தான், ஆனால் வேறு வழி இல்லை. யாருக்கோ காத்திருப்பவன்போல அந்தப் பாட்டியின் கடையோரமே நின்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்ணுக்குக் 'கோ-கோ'. கிழவர் ஒருவருக்கும் 'கோ-கோ'. பள்ளிச் சீருடையில் வந்த பேரனுக்குப் பாட்டி ஒரு பழத்தைக் கொடுத்தார். பையன் 'ஷியே-ஷியே' என்று மாண்டரினில் நன்றி சொன்னான். இறால் வாங்கிய கிழவர் போகும்போது சொன்ன நன்றி 'கம்-சியா', ஹொக்கியன். பாட்டி பேரனோடு பேசியதும் மாண்டரின்தான், ஆனால் தட்டுத் தடுமாறி, அகலமாகக் கைகளை ஆட்டியபடி. எனக்கே தெரிந்தது, அது அவருக்கு வாய்க்குப் பழகிய மொழி இல்லை.

அங்கிருந்து ஊருக்குள் நடந்தேன். கேனன் சதுக்கத்தில் கூ குலத்தாரின் மன்றம் இருக்கிறது. 1901-ல் எரிந்துபோய், 1906-ல் மறுபடி கட்டிய கட்டடம். ஃபூஜியன் மாநிலத்தின் சாங்சோ பகுதியிலிருந்து வந்தவர்கள். அதனால்தான் பினாங்கு ஹொக்கியன் சாங்சோச் சாயலில் இருக்கிறது, சிங்கப்பூர் ஹொக்கியனிலிருந்து சொல்லிலும் ஒலியிலும் வேறுபடுகிறது. எதிரே மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ராவில் உள்ள மேடான் நகரத்துச் சீனர் பேச்சோ இதற்கு மிக நெருக்கம். 1786-ல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கிய பிறகு, முதல் கப்பித்தானாக, அதாவது சீனர் தலைவராக, நியமிக்கப்பட்ட கோ லே ஹுவானும் ஹொக்கியன்காரர்தான். கப்பலும் சரக்கும் அவர்கள் கையில் இருந்தன. தச்சும் கைவினையும் கன்டனீஸ்காரர்களிடம். ஈயச் சுரங்கத்துக்குப் போனவர்களில் ஹக்காக்கள் அதிகம். ஹைனான் தீவினர் கடைசியாக வந்தார்கள். நல்ல தொழில்களில் இடம் காலியில்லாததால் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைக்கும் காப்பிக் கடைக்கும் போனார்கள். மொழி அப்போது தொழிலோடு ஒட்டியிருந்தது.

ஒட்டியிருந்தது சண்டையிலும்தான். 1867 ஆகஸ்டில் கன்டனீஸ் ஆட்கள் மிகுந்த கீ ஹின் ரகசியச் சங்கமும் ஹொக்கியன்காரர்களின் தோ பே கோங் சங்கமும் பத்து நாள் மோதிக்கொண்டன. மலாய், இந்திய முஸ்லிம்களின் வெள்ளைக்கொடி, செங்கொடி அணிகளும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. அந்தச் சண்டையில் சுட்ட பீரங்கியால்தான் கேனன் தெரு என்ற பெயர் என்கிறார்கள். இன்றைக்கு அங்கே ஐஸ்கிரீமும் படம் அச்சிட்ட பனியனும் விற்கிறார்கள்.

இரண்டு தெரு தாண்டினால் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை. தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் முகைதீன் 1801-ல் எழுப்பிய பள்ளிவாசலும், 1800-ல் உருவான குவான் யின் கோயிலும் ஒரே சாலையில் இருக்கின்றன. சற்றுத் தள்ளி 1818-ன் புனித ஜார்ஜ் தேவாலயம். பக்கத்து குயின் தெருவில் 1833-ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயில். சுற்றுலா வழிகாட்டி ஒருவர் இதை 'ஒற்றுமைத் தெரு' என்று வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்தது குவான் யின் கோயிலின் பெயரை. 'கோங் ஹொக் கியோங்' என்பது குவாங்துங், ஹொக்கியன் ஆகிய இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்தது. இரு தரப்பும் சேர்ந்து கட்டியது, பெயரிலும் பங்கு போட்டிருக்கிறார்கள். அருகிலேயே 1881-ல் தொடங்கிய சீனர் மன்றத்திலும் இரு தரப்புக்கும் சம இடம் வைத்தார்கள். இவர்கள் ஒரு 'சீன சமூகமாக' வந்து இறங்கவில்லை, பேரம் பேசித்தான் ஆகியிருக்கிறார்கள் என்பது அங்கே நின்றால் விளங்கும். கோயில் முற்றத்தில் ஊதுபத்திப் புகை கண்ணை எரித்தது. பூ விற்பவர் தமிழ்ப் பெண். சீனப் பக்தைக்கு அவர் சொன்ன விலை? 'கோ-கோ'. கோலாலம்பூர்க்காரர்களில் முதலாமவருக்கு ஒரு மதிப்பெண் போட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்ணாலும் படிக்கலாம் என்று கண்டுகொண்டேன். டாக்டர், வக்கீல் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். சீன எழுத்து ஒன்றே, ஆனால் ரோமன் எழுத்தில் எழுதியதில் பாட்டனாரின் மொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாண்டரினில் சென் என்று வாசிக்கும் குலப்பெயர், ஹொக்கியனில் தான், கன்டனீஸில் சான், ஹக்காவில் சின். மாண்டரினின் ஹுவாங் கன்டனீஸில் வோங், பினாங்கு ஹொக்கியனில் ஊய். இந்த ஊய் என்ற வடிவம் சாங்சோ வழி ஹொக்கியனுக்கே உரியது. ஒரே தெருவில் ஊய், தியோ, கூ, சியா என்று வரிசையாகப் பலகைகள். இரண்டு பலகைக்கு நடுவே ஒரு வோங். பிள்ளை பள்ளியில் மாண்டரின் பேசலாம், பிறப்புச் சான்றிதழில் கிழவரின் பேச்சு உட்கார்ந்திருக்கிறது.

லெபோ பாசார் பக்கம் வந்தால் மல்லிகை வாசமும் பாட்டுச் சத்தமும். தமிழில் இதற்குக் கடைத்தெரு என்றே பெயர். தெருப் பலகைகளில் மலாய்ப் பெயருக்குக் கீழே தமிழ் எழுத்தையும் பார்த்தேன். ஒரு தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவர் "பசியாறியாச்சா தம்பி?" என்று தானாகவே பேச்சுக் கொடுத்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் ஆராய்ச்சியைக் கேட்டுச் சிரித்தார்.

"ஹொக்கியன் தெரியாம துறைமுகத்துல யாரு வேல பார்த்தா? தவுக்கே, அதான் முதலாளி, திட்றது எல்லாம் அதுலதான். முதல்ல திட்டத்தான் கத்துக்கிட்டோம்."

"இப்பவும் பேசுவீங்களாண்ணே?"

"வாங்க, காட்றேன்."

அவரைக் கூட்டிக்கொண்டு பினாங்கு சாலையில் உள்ள சவுராஸ்தா சந்தைக்குப் போனேன். நடந்து பதினைந்து நிமிடம். சூலியா தெரு வழியாகப் போனோம். தமிழ் வணிகர்களைக் குறித்து ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. சீனர்களோ அதை 'கூ-கான்-தாங்' என்கிறார்கள். கூ என்றால் மாடு, ஹொக்கியன். கான்-தாங் என்பது 'கன்டாங்', கொட்டில் என்று பொருள்படும் மலாய். "நம்ம தெருவ மாட்டுக்கொட்டில்ங்கிறான் பாருங்க" என்றார் பெரியவர், கோபமில்லாமல்.

சந்தையில் அவர் நிஜமாகவே காட்டினார். காய்கறிக்காரச் சீனப் பெண்ணிடம் அவர் பேசியதில் எனக்குத் தெரிந்த மலாய்ச் சொற்கள் நடுநடுவே விழுந்துகொண்டிருந்தன: 'தாப்பி', 'சூக்கா', 'பாத்து'. ஆனால் என்றால், பிடிக்கும் என்றால், கல் என்றால் இங்கே ஹொக்கியனுக்குள்ளும் மலாய்தான். பணத்துக்கு 'லுய்'. மலாய் 'டுயிட்'டிலிருந்து வந்தது என்பார்கள். பதிலுக்கு மலாயோ தமிழுக்குக் கடன்பட்டிருக்கிறது. கடைப் பலகையெல்லாம் 'கெடாய்', அது நம் கடை. பேரம் முடிந்து தக்காளி கிலோவுக்கு ஒரு வெள்ளி குறைந்தது. அந்தப் பெண்ணிடம் பெரியவர் மூலம் கேட்டேன், உங்கள் பிள்ளைகள் ஹொக்கியன் பேசுவார்களா? "புரியும். பேசினால் மாண்டரினில் பதில் சொல்வார்கள்" என்றார். அவர் படித்த சீனப்பள்ளியில் ஹொக்கியன் பேசி மாட்டினால் தண்டக்காசு கட்டவேண்டுமாம். தம் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை வேண்டாமென்று வீட்டிலேயே மாற்றிக்கொண்டார்.

மாண்டரின் இங்கே புதுசு அல்ல. சியோங் ஃபாட் சே என்ற ஹக்காச் செல்வர் முன்னின்று 1904-ல் பினாங்கில் தொடங்கிய சுங் ஹுவா பள்ளிதான் மலாயாவில் மாண்டரினில் கற்பித்த முதல் நவீன சீனப்பள்ளி என்பார்கள். மாண்டரின் இங்கே யாருக்கும் தாய்மொழி இல்லை என்பதே அதன் பலம். சண்டை வராது. அது பள்ளியிலிருந்து வீட்டு அடுக்களைக்குள் வரத்தான் இத்தனை காலம் பிடித்திருக்கிறது. 1979-ல் சிங்கப்பூர் 'மாண்டரின் பேசுங்கள்' இயக்கம் தொடங்கியது, அந்தக் காற்று இங்கேயும் அடித்தது.

மதியம் காப்பிக் கடை. ஒரு கூரையின் கீழ் ஏழெட்டு வண்டிக் கடைகள். 'கோப்பி-ஓ கோசோங்' என்று பெரியவர் சொன்னார். கோப்பி மலாய், ஓ என்றால் ஹொக்கியனில் கறுப்பு, கோசோங் என்றால் மலாயில் வெறுமை, சர்க்கரை இல்லை. விலை 2 வெள்ளி. வண்டிகளின் பெயர்களும் அப்படியே. சீ சியோங் ஃபன் கன்டனீஸ் பெயர். கொய் தியாவ் தங் ஹொக்கியன். யோங் தாவ் ஃபூ ஹக்காக்காரர் உணவு. கோழிச்சோறு ஹைனானுக்கு. செண்டோல் வண்டியில் 'தியோச்சியூ' என்று இன்னொரு சீன மொழியின் பெயர்ப்பலகை. மொழிகள் வாயிலிருந்து போனாலும் தட்டில் இருந்துகொள்ளும் போலிருக்கிறது. ஓரத்தில் சீனர் ஒருவர் சிறு சட்டிகளில் ஊற்றிச் சுட்டுக்கொண்டிருந்தது 'அப்பொங்'. நம் ஆப்பந்தான், வாழைப்பழத் துண்டும் சோளமும் போட்டு. அவருக்கு அது சீனப் பலகாரம். நான் வாதாடவில்லை, இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அந்த ஒரு மணி நேரமும் விலைகளைக் கவனித்தேன். நாற்பதைத் தாண்டியவர்களிடம் 'கோ' என்றே முடிந்தது. இருபது வயதுக்காரர்கள் வரிசைக்கு வந்ததும் அதே கடைக்காரர் 'குவாய்'க்கு மாறிவிடுகிறார். சில இளைஞர்கள் ஹொக்கியனில் கேட்டார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் குழந்தையோடு வந்த எந்தத் தாயும் குழந்தையிடம் ஹொக்கியன் பேசி நான் கேட்கவில்லை. மாண்டரின், அல்லது ஆங்கிலம்.

ஹக்காவைத் தேடி பாலிக் பூலாவ் போனேன். தீவின் மறுபக்கம். 401ஈ பேருந்து, 4 வெள்ளி, நெரிசலில் ஒன்றரை மணி நேரம். தொழிற்சாலைகளும் விமான நிலையமும் தாண்டி மலை ஏறி இறங்கினால் காற்றே வேறு. ஜாதிக்காய், டுரியான் தோட்டங்கள். இங்கே குடியேறியவர்களில் ஹக்காக்கள் நிறையப் பேர். ஹக்காவை அடையாளம் காணப் பெரியவர் சொல்லித்தந்த வழி 'நான்' என்ற சொல். ஹொக்கியனில் வா, மாண்டரினில் வோ, கன்டனீஸில் ஙோ, ஹக்காவில் ஙாய். நம் நெடுங்கணக்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஙகரத்துக்கு இங்கேதான் பிழைப்பு. கடைத்தெருக் காப்பிக் கடையில் கிழவர்கள் நான்கு பேர் பேப்பரை வைத்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஙாய், ஙாய் என்று மேசையே அதிர்ந்தது. எழுந்து போய்ப் பணம் கொடுத்தபோது கல்லாவிலிருந்த பேத்தி வயதுப் பெண்ணிடம் பேசியது மாண்டரின்.

திரும்பும் வழியில் பூலாவ் தீக்குஸ். சயாம் புத்த விகாரமும் பர்மியக் கோயிலும் எதிரெதிரே. தாய்லாந்து மொழி கேட்கலாம் என்றார்கள். நான் போன நேரத்தில் சுற்றுலாக்காரர்கள்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரவு சவுராஸ்தாவின் மேல்தளப் பழைய புத்தகக் கடைகளை நினைத்துப் போனேன், மூடிவிட்டார்கள். வேறொரு கடையில் தான் சியூ இம் தொகுத்த பினாங்கு ஹொக்கியன்–ஆங்கில அகராதி இருந்தது. 2016-ல் வந்தது. அடுத்த ஆண்டு சாவ் தியோங் ஹின் முழுக்கப் பினாங்கு ஹொக்கியனிலேயே ஒரு படம் எடுத்தார். சந்தையில் கோடி தடவை புழங்கிய மொழிக்கு அகராதியும் படமும் இவ்வளவு தாமதமாக வந்திருக்கின்றன. நாசி கண்டார் சோற்றுக் கடையில் இதைப் பெரியவரிடம் சொன்னேன். "அகராதி போட்டா கத வேற ஆயிருச்சுன்னு அர்த்தம்" என்றார். கோழியும் வெண்டைக்காயும் வைத்து அவருக்கும் எனக்குமாக 26 வெள்ளி. பரிமாறிய கடைக்கார நானா அடுத்த மேசைச் சீனரோடு ஹொக்கியனில் வம்பளந்துகொண்டிருந்தார். அவர் மகன், கல்லாவில் இருந்தவன், அதே ஆளிடம் ஆங்கிலம்.

ஆக, கோலாலம்பூரில் சொன்ன இருவரும் பாதி சரி. இன்றைய தேதிக்குப் பினாங்கில் ஹொக்கியன் போகவில்லை. பெரியவர்கள் அதில்தான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள், திட்டுகிறார்கள், தமிழரும் அதில் சேர்த்தி. ஆனால் குழந்தைக்கு அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஹக்காவும் ஹைனானும் அதற்கும் ஒரு படி முன்னே போய்விட்டன. மாநிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தியர்களின் தமிழுக்கு 1816-லேயே பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் வகுப்பு திறந்தார்கள், இன்று மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தீவுச் சீனரின் தெருமொழியான ஹொக்கியனுக்கு அரசுப் பாடத்திட்டத்தில் ஒரு பாடவேளை கிடையாது.

போகிறவர்களுக்கு ஒன்று. சுவரோவியம் பார்க்கும் வரிசையில் நின்று காலையை வீணாக்காதீர்கள். காலை எட்டு மணிக்குள் சவுராஸ்தா சந்தைக்குப் போங்கள், எதுவும் கேட்காமல் வயதானவர் ஒருவருக்குப் பின்னால் நில்லுங்கள். நகருக்குள் சுற்ற கேட் பேருந்து இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை.